அப்பாவுக்கு வி.எச்.எல். நோய்: பிள்ளைகளுக்கு ஸ்கேன் எடுக்கலாமா?

கேள்வி: என் கணவருக்கு (36) இரண்டு சிறுநீரகத்திலும் கட்டி. அடுத்த மாதம் ஆபரேஷன். மாமனார் ஒரு கண்ணில் பார்வை இழந்து, பிறகு சிறுமூளைக் கட்டியால் இறந்தவர். இது 'வான் ஹிப்பெல் லிண்டாவ்' (வி.எச்.எல்.) என்ற பரம்பரை நோய் என்கிறார் டாக்டர். 4, 12 வயதில் இருக்கும் பிள்ளைகளுக்கும் இப்போதே ஸ்கேன் எடுத்துவிடலாமா?

பதில்: பிள்ளைகள் இருக்கட்டும்; முதலில் ஆபரேஷன். இந்நோயில், சிறுநீரகத்தின் மேலே இருக்கும் அட்ரினல் சுரப்பியிலும் கட்டி வரலாம். அது தெரியாமல் மயக்க மருந்து கொடுத்தால் பி.பி. எகிறி உயிருக்கே ஆபத்தாகலாம். அந்தக் கட்டியைக் காட்டிக்கொடுக்கும் 'மெட்டாநெஃப்ரின்' என்ற ரத்த அல்லது சிறுநீர்ச் சோதனை எடுத்தாகிவிட்டதா என்று கேளுங்கள். அந்தக் கட்டி இருந்தால் 10 முதல் 14 நாள், ரத்தக் குழாயைத் தளர்த்தி பி.பி.யைக் குறைக்கும் ஆல்ஃபா பிளாக்கர் மாத்திரை கொடுத்த பிறகே கத்தி வைப்பார்கள். இதயத் துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கரை முதலில் தொடங்கினால் பி.பி. இன்னும் ஏறும்.

சிறுநீரகக் கட்டி எத்தனை செ.மீ. என்றும் கேளுங்கள். 3 செ.மீ.க்குக் கீழே என்றால் பெரும்பாலும் கண்காணிப்பே போதும். புதிய கட்டிகள் முளைத்துக்கொண்டே இருக்கும் நோய் இது. அதனால் கட்டியை மட்டும் எடுத்து, சிறுநீரகத்தை முடிந்தவரை காப்பாற்றப் பார்க்க வேண்டும்.

அடுத்து, கணவருக்கு ஜீன் சோதனை. சிலருக்கு வி.எச்.எல். ஜீனில் ஒரு துண்டே விடுபட்டிருக்கும். ஜீனை எழுத்தெழுத்தாகப் படிக்கும் வெறும் சீக்வென்சிங்கில் அது சிக்காமல் போகலாம். விடுபட்ட துண்டைக் கண்டுபிடிக்கும் எம்.எல்.பி.ஏ. சோதனையும் சேர்த்துக் கேளுங்கள். அவருடைய ஜீனில் பிழை எங்கே என்று தெரிந்தால்தான் பிள்ளைகளிடம் அதைத் தேட முடியும். ஆணோ பெண்ணோ, வருவதற்கு வாய்ப்பு பாதிக்குப் பாதி. அந்தப் பிழை இல்லாத பிள்ளைக்கு இந்த நோய்க்காக ஸ்கேனே தேவையில்லை.

முடிவு வரும்வரை கண்ணை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். இரண்டு பிள்ளைகளுக்கும் சொட்டு மருந்து விட்டு விழித்திரையின் ஓரம்வரை பார்க்கச் சொல்லுங்கள். அங்கே வரும் குண்டூசித் தலையளவு கட்டியை லேசரில் சுட்டுவிடலாம்; பெரிதானால் நீர் கசிந்து விழித்திரையே பிரிந்துவிடும். 'கண்ணு மங்கலா தெரியுது' என்று குழந்தை சொல்லும்வரை காத்திருந்தால் தாமதம்தான்.

பிழை இருந்தால் ஆண்டுதோறும் கண், பி.பி. பார்க்க வேண்டும், 5 வயதிலிருந்து மெட்டாநெஃப்ரினும் சேரும். 11 வயது முதல் 2 ஆண்டுக்கு ஒருமுறை மூளைக்கும் முழு முதுகுத்தண்டுக்கும் எம்.ஆர்.ஐ., கூடவே காது கேட்கும் திறன் சோதனை. உங்கள் மூத்த பிள்ளைக்கு அந்த வயது வந்துவிட்டது. வயிற்றுக்கு 15 வயதிலிருந்து. ஆயுளுக்கும் தொடரும் ஸ்கேன் என்பதால், கதிர்வீச்சு உள்ள சி.டி.யை முடிந்தவரை தவிர்ப்பார்கள்.

கணவரின் உடன்பிறந்தவர்களுக்கும் சொல்லிவிடுங்கள். நாத்தனார் யாராவது கர்ப்பமாக இருந்தால், பிரசவத் தேதிக்கு வெகு முன்பே மெட்டாநெஃப்ரின் பார்த்தாக வேண்டும்.