பக்கத்து ஊராட்சியில் சேர்க்கப் போகிறார்கள், தடை வாங்க முடியுமா?

கேள்வி: எங்கள் குக்கிராமத்தில் 140 வீடுகள். எங்களைப் பிரித்துப் பக்கத்து ஊராட்சியில் சேர்ப்பதாக மாவட்ட ஆட்சியர் வரைவு அறிவிப்பு வெளியிட்டிருக்கிறார். இப்போதைய ஊராட்சி அலுவலகம் நிற்கும் இடமே எங்கள் தாத்தா தானமாகக் கொடுத்தது. பக்கத்து ஊரோடு எங்களுக்குத் திருவிழா முதல் மரியாதையில் 20 வருடப் பகை. முன்னாள் தலைவர் பழிவாங்குகிறார். கிராம சபையில் எதிர்த்துத் தீர்மானம் போட்டுவிட்டோம். ஆட்சேபம் தெரிவிக்க இன்னும் 11 நாள் இருக்கிறது. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் தடை கிடைக்குமா?

பதில்: நீங்கள் எழுதியதில் சட்டத்துக்கு வேண்டியது ஒரே வரிதான்: இன்னும் 11 நாள் இருக்கிறது. மற்றதை ஒதுக்கி வையுங்கள். தானப் பத்திரம் பதிவான அன்றே அந்த இடம் ஊராட்சியுடையதாகிவிட்டது. முதல் மரியாதைக்கும் ஊராட்சி எல்லைக்கும் சம்பந்தமில்லை. பழிவாங்கல் என்று மனுவில் எழுதினால் அதை நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில் ஏறும். நிரூபிக்க உங்களிடம் எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை.

தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994-இன் 4-ஆம் பிரிவு, ஒரு பகுதியை ஓர் ஊராட்சியிலிருந்து நீக்கி அதை ஒட்டிய ஊராட்சியில் சேர்க்கும் அதிகாரத்தை ஊராட்சிகளின் ஆய்வாளர் என்ற முறையில் ஆட்சியருக்குத் தருகிறது. பாதிக்கப்படும் ஊராட்சியின் தரப்பை அவர் முதலில் கேட்க வேண்டும், அவ்வளவுதான். எல்லை வரையறையை எந்த அளவுக்கு எதிர்க்கலாம் என்பதை 1995-இல் உத்தரப் பிரதேசத்தின் பிரதான் சங்க வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆட்சேபம் கேட்கப்படவில்லை, விசாரணை நடக்கவில்லை என்ற ஒரு காரணத்துக்காகத்தான் நீதிமன்றத்துக்கு வர முடியும். தேர்தல் அறிவிக்கை வந்துவிட்டால் அந்தக் காரணமும் செல்லாது. ஆகவே உங்கள் வழக்கு இன்று நீதிமன்றத்தில் இல்லை. அடுத்த 11 நாளில் ஆட்சியர் அலுவலகக் கோப்புக்குள் என்ன போகிறது என்பதில் இருக்கிறது.

இப்போதே தடை கேட்டு ஓடினால் என்ன நடக்கும்? வரைவு வெறும் உத்தேசம்தான், ஆட்சேபத்தை அங்கே கொடுங்கள் என்பார்கள். அல்லது 'மனுவைச் சட்டப்படி 12 வாரத்துக்குள் பரிசீலிக்கவும்' என்று ஓர் உத்தரவு கிடைக்கும். அதை வெற்றி என்று ஊரில் வெடி போட்டுக் கொண்டாடியவர்கள் உண்டு. அது வெற்றியே இல்லை. 'பரிசீலிக்கப்பட்டது, ஏற்பதற்கில்லை' என்று இரண்டு பக்கத்தில் பதில் வரும். அதற்குள் இறுதி அறிவிப்பு வந்திருக்கும். தேர்தலும் அறிவிக்கப்பட்டால் ஊராட்சித் தேர்தல் விஷயங்களில் நீதிமன்றம் தலையிடுவதைத் தடுக்கும் அரசமைப்பின் 243-ஓ உறுப்பு குறுக்கே நிற்கும், கதவு சாத்தப்பட்டுவிடும். வழக்குப் போட வருபவர்கள் அதிகம் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான்.

இரண்டாவது பள்ளம் கிராம சபைத் தீர்மானம். அதற்கு மதிப்பு உண்டு, ஆனால் ஆட்சியரை அது கட்டுப்படுத்தாது. உங்கள் ஊராட்சியில் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றத்தின் காலம் முடிந்து தனி அலுவலர் இருக்கிறாரா என்று பாருங்கள். இருந்தால், 'பாதிக்கப்படும் ஊராட்சி' என்ற பெயரில் கருத்துச் சொல்லப்போவது அவர்தான். அவர் ஆட்சியருக்குக் கீழே வேலை பார்ப்பவர். 'ஆட்சேபம் இல்லை' என்று அவர் ஒரு வரி எழுதிவிட்டால் காகிதத்தில் உங்கள் ஊர் சம்மதித்துவிட்டது. அதனால்தான் ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியாக ஆட்சேபம் கொடுக்க வேண்டும் என்கிறேன். 300 கையெழுத்துள்ள ஒரு மனு ஒரு மனுதான். குறைதீர் நாளில் கொடுத்தால் அது ஒன்றிய அலுவலகத்துக்குத் திருப்பப்படும், எல்லை மாற்றக் கோப்பில் சேராது. வரைவு அறிவிப்பின் ந.க. எண்ணையும் (அலுவலகக் கோப்பு எண்) தேதியையும் மனுவின் தலைப்பிலேயே எழுதி, ஆட்சியர் அலுவலகத் தபால் பிரிவில் கொடுத்து நகலில் முத்திரை வாங்குங்கள். அந்த முத்திரை இல்லாமல் என்னைப் போன்ற வழக்கறிஞர்களிடம் வந்தால் எங்களாலும் ஒன்றும் செய்ய முடியாது.

மனுவில் என்ன எழுதுவது? வரைவின் அட்டவணையை எடுத்து, கிராம வரைபடத்தோடு ஒவ்வொரு சர்வே எண்ணையும் ஒத்துப் பாருங்கள். தப்பு பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். பழைய பதிவேட்டைப் பார்த்து '112/1 முதல் 112/4 வரை' என்று தட்டச்சு செய்திருப்பார்கள். நிலம் விற்று விற்று இப்போது 112/9 வரை உட்பிரிவு ஆகியிருக்கும். கடைசி ஐந்து உட்பிரிவில் உள்ள வீடுகள் பழைய ஊராட்சியிலா, புதியதிலா? யாருக்கும் தெரியாது. வீட்டு வரி ரசீது போட இரண்டு இடத்திலும் மறுப்பார்கள். இதை இப்போதே சுட்டிக்காட்டினால் அட்டவணையைத் திருத்தியே ஆக வேண்டும். அடுத்து, உங்கள் பகுதி புதிய ஊராட்சியை உண்மையிலேயே ஒட்டியிருக்கிறதா? நடுவில் காப்புக்காடோ மூன்றாவது ஊராட்சியின் நிலமோ இருந்தால் அதுதான் உங்கள் முதல் வாதம். நீங்கள் பிரிந்த பிறகு பழைய ஊராட்சியின் மக்கள்தொகை 500-க்குக் கீழே போகிறதா என்பதையும் கணக்குப் பாருங்கள். பட்டா போய்விடும் என்று ஊரில் பேசுவதை நம்பாதீர்கள். வருவாய்க் கிராமம் வேறு, ஊராட்சி வேறு.

இந்த மூன்றில் ஒன்றும் இல்லையென்றால், ஒளிக்காமல் சொல்கிறேன், பேசி முடியுங்கள். முறையாகக் கேட்டு, முறையாக முடிவெடுத்த எல்லை மாற்றத்தை நீதிமன்றம் அசைப்பது அபூர்வம். பக்கத்து ஊர்ப் பெரியவர்களோடு வட்டார வளர்ச்சி அலுவலர் முன்னிலையில் உட்காருங்கள். இப்போதுள்ள மேல்நிலைத் தொட்டியிலிருந்து வரும் தண்ணீர் தொடர்வது, மயானமும் அதற்குப் போகும் பாதையும், உங்கள் 140 வீடுகளையும் இரண்டு வார்டாக உடைக்காமல் ஒரே வார்டில் வைப்பது ஆகியவற்றைக் கூட்ட நடவடிக்கைக் குறிப்பில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். வாய்ப்பேச்சு வேண்டாம், அதிகாரி மாறினால் போய்விடும். இதையே ஆட்சேப மனுவின் கடைசியில் 'முதல் கோரிக்கைக்குப் பாதகமின்றி' என்று தொடங்கி மாற்றுக் கோரிக்கையாகச் சேருங்கள்.

ரேஷன் கார்டைத் திருப்பிக் கொடுப்பது, சாலை மறியல் இரண்டும் வேண்டாம். முதலாவதால் சட்டத்தில் எந்தப் பலனும் இல்லை. இரண்டாவதில் உங்கள் பிள்ளைகள் மேல் வழக்கு விழுந்தால், அரசு வேலைக்கான காவல் துறைச் சரிபார்ப்பில் அது வந்து நிற்கும்.

இறுதி அறிவிப்போடு விஷயம் முடிந்துவிட்டது என்று உட்கார்ந்துவிடாதீர்கள். வார்டு பிரிக்கும்போது தனியாக இன்னொரு வரைவு வரும், அதற்கும் ஆட்சேபக் காலம் உண்டு. ஒரே வார்டு என்ற கோரிக்கையை, கையெழுத்தான அந்தக் குறிப்பை இணைத்து, அங்கேயும் கொடுங்கள்.