பேட்டிக்கு முன் சில கேள்விகள்

கேள்வி: திருகோணமலையில் பிறந்து, கொழும்பு விளம்பர நிறுவனமொன்றில் உயர்பதவி வகித்து, விருதுகள் பல பெற்று, ஓய்வின் பின் ஊர் திரும்பியிருக்கும் நமது உள்ளூர் விளம்பரத்துறை முன்னோடியை நீங்கள் ஏன் இன்னும் பேட்டி காணவில்லை? (வாசகர், உவர்மலை)

பதில்: உள்ளூர் விளம்பரத்துறை முன்னோடி என்று வாசித்ததும் எனக்கு நினைவுக்கு வந்தவர் வேறொருவர். முச்சக்கரவண்டியின் கூரையில் ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு, திருஞானசம்பந்தர் வீதியிலிருந்து உப்புவெளி வரை, காலையில் கோயில் திருவிழாவையும் நண்பகலில் புடைவைக்கடையின் மலிவு விற்பனையையும் மாலையில் யாரோ ஒருவரின் இறுதிக்கிரியை நேரத்தையும் அறிவித்துச் செல்பவர் அவர். மூன்றுக்கும் ஒரே குரல்தான். ஆகவே சேலைக்கு 50 வீதக் கழிவு என்ற செய்தியை நாம் கனத்த மனத்தோடும், தகனம் பிற்பகல் மூன்று மணிக்கு என்ற செய்தியைச் சற்று உற்சாகத்தோடும் கேட்க நேர்கிறது. அவருக்கு விருது வழங்க எவருக்கும் தோன்றியதில்லை. ஆனால் இன்று பொய் சொன்னால் நாளையும் அவர் அதே வீதியால்தான் வரவேண்டும்; கொழும்பில் எட்டாம் மாடியில் இருந்தவருக்கு அந்தச் சங்கடம் இருந்திராது.

நீங்கள் குறிப்பிடும் பெரியவரைத் தாழ்த்துவது என் நோக்கமன்று. அவர் நுழைந்த தொழிலுக்கு இந்த நாட்டில் நல்ல பரம்பரை உண்டு. 1950இல் இலங்கை வானொலியின் வர்த்தக சேவை தொடங்கியது. அகில இந்திய வானொலி 1967 வரை வர்த்தக விளம்பரங்களுக்கு இடமளிக்காததால், இந்தியக் கம்பனிகளும் கொழும்பு ஒலிபரப்பில் நேரம் வாங்கின. அதன் தமிழ் அறிவிப்பாளர் எஸ். பி. மயில்வாகனத்தின் குரலுக்காகக் கடலின் இரு கரைகளிலும் மக்கள் காத்திருந்தார்கள். பாட்டுக்கும் பற்பசைக்கும் நடுவே ஓர் அறிவிப்பாளர் தன் மதிப்பை இழக்காமல் பேசலாம் என்பதை அந்தத் தலைமுறை செய்து காட்டியது.

அதன் பின் வந்தவர்களோடுதான் எனக்குப் பழைய வழக்கு. ஏப்ரல் மாதத்துப் புத்தாண்டு விளம்பரங்களைப் பாருங்கள்: சிங்கள வீட்டுப் பாற்சோறான கிரிபத்தும் கொக்கிஸ் பலகாரமும் நிறைந்த மேசை, கண்டியப் பாணிச் சேலையான ஒசரி அணிந்த பெண், கீழே மட்டும் தமிழ் எழுத்து. தலையில் மூலிகை மருத்துநீர் வைக்கும் தமிழ் வீடும், முற்றத்துப் பொங்கல் பானையும், பெரியவர்கள் தரும் கைவிசேடக் காசுக்காகக் கையேந்தி நிற்கும் பிள்ளையும் அந்தப் படங்களுக்குள் வருவதே அபூர்வம். அப்படியான ஒரு விளம்பரம் நமது சஞ்சிகையின் பின்னட்டைக்கு வந்தபோது, படத்தை மாற்றித் தருமாறு அந்த நிறுவனத்துக்கு எழுதினேன். வாடிக்கையாளர் அங்கீகரித்த படம் என்று பதில் வந்தது. அதன் பிறகு விளம்பரம் வரவில்லை. அன்று முதல் பின்னட்டையில் கோணேசர் கோயிலின் படத்தை வெவ்வேறு கோணங்களில் வெளியிட்டுச் சமாளித்து வருகிறோம். வாசகர்கள் அதனை எமது பக்தி என்று எண்ணியிருக்கிறார்கள்.

பேட்டி காண எனக்கு மறுப்பில்லை. விருதுப் பட்டியலை மட்டும் அவர் வீட்டிலேயே வைத்துவிட்டு வரட்டும். அந்தப் படங்கள் மேசைக்கு வந்த கூட்டங்களில், “எங்கள் ஊரில் புத்தாண்டு இப்படி வராது” என்று அவர் ஒரு தடவையாவது சொன்னாரா என்பதை நான் அறிய விரும்புகிறேன். சொல்லியும் தோற்றிருந்தால் அந்தத் தோல்விக்கே நான்கு பக்கம் ஒதுக்குவேன். புகையிலை, மதுபான விளம்பரங்களை 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் தடை செய்தது. அதற்கு முந்திய ஆண்டுகளில் அவருடைய பதவி உயர்வுகளுக்கு எந்தப் பொருளின் விற்பனை படியமைத்தது என்பதையும் கேட்பேன். வெயிலில் வளர்ந்த நமது பெண்பிள்ளைகளிடம் முகத்தை வெளுப்பாக்கும் களிம்பை விற்க எழுதப்பட்ட வாசகங்களில் அவருடைய கை இருந்ததா என்பதும் என் குறிப்பேட்டில் இருக்கிறது. சந்தித்தால் இவற்றை அவரிடம் தெரிவித்துவிடுங்கள். கேள்விகளை முன்கூட்டியே எழுத்தில் பெற்று அங்கீகரித்து அனுப்பும் வழக்கம் அவருடைய தொழிலில் உண்டு. இந்தப் பக்கத்தில் அது இல்லை என்பதால், அந்த உதவியை உங்களிடமே ஒப்படைக்கிறேன்.