வேலை போனவர்களின் வழக்கும் சாட்சியும்: கேள்வி பதில்

கடலூர், புதுச்சேரி தொழிலாளர் நீதிமன்றங்களில் தொழிலாளர் தரப்பில் வாதாடும் வழக்கறிஞர் பதில் சொல்கிறார்.

சிப்காட் ஊழியர், கடலூர்: காண்ட்ராக்டில் நான்கு வருடம் வேலை பார்த்தேன், நிறுத்திவிட்டார்கள். நியமன உத்தரவு கிடையாது. 240 நாள் வேலை செய்ததை எப்படி நிரூபிப்பது சார்?

நிறுத்துவதற்கு முந்தைய 12 மாதத்தில் 240 நாள் வேலை செய்திருந்தால்தான் பணிநீக்கத்துக்கு எதிரான சட்டப் பாதுகாப்பைக் கேட்க முடியும். அதை நிரூபிக்கும் பொறுப்பு முதலில் உங்களுடையதுதான். பிரமாணப் பத்திரம் கொடுத்தாலே போதும் என்று பலர் நினைக்கிறார்கள். போதாது என்று 2002-லேயே ஹதிமணி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2005-ல் எல்லாட்டி வழக்கில் அதற்கு வழியும் காட்டியது: தொழிலாளி கூண்டேறிச் சாட்சி சொல்ல வேண்டும், வருகைப் பதிவேடு, சம்பளப் பதிவேடு எல்லாவற்றையும் நிர்வாகம் கொண்டுவரும்படி மனுப் போடலாம். இந்த மனுவைத்தான் நம் ஆட்கள் விட்டுவிடுகிறார்கள், எனக்கு அதுதான் ஆற்றாமை. பதிவேட்டைக் கேட்காமலே இருந்துவிட்டுக் கடைசி வாதத்தில் 'மறைத்துவிட்டார்கள்' என்றால் எடுபடாது. பிஎஃப் பாஸ்புக், இஎஸ்ஐ பதிவு, சம்பளம் ஏறிய வங்கிக் கணக்கு, கேட் பாஸ் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள், காண்ட்ராக்டர் பெயரில் இருந்தாலும் சரி. அப்புறம், குறுக்கு விசாரணையில் தேதி ஞாபகம் இல்லையென்றால் இல்லை என்றே சொல்லுங்கள். ஊகமாகச் சொன்ன தேதி பதிவேட்டில் விடுமுறை நாளாக இருந்தால், நீங்கள் சொன்ன உண்மைகள் மீதும் சந்தேகம் விழும்.

சேதராப்பட்டு வாசகர்: எனக்கு ஒரே சாட்சி. அவரும் யூனியன்காரர். ஏற்பார்களா?

சாட்சிக்குத் தலை எண்ணிக்கை கிடையாது. நம் சென்னை மாகாணத்திலிருந்து போன வடிவேலு தேவர் வழக்கில் 1957-லேயே முடிவான விஷயம் இது. முழுக்க நம்பத்தக்கவர் ஒருவரே போதும். பாதி நம்பலாம், பாதி முடியாது என்றால்தான் வேறு ஆதாரம் துணைக்கு வேண்டும். யூனியன்காரர் என்பதற்காக மட்டும் தள்ளிவிட மாட்டார்கள், கவனமாக எடைபோடுவார்கள். கண்ணால் பார்த்ததை மட்டும் அவர் சொல்லட்டும்.

பண்ருட்டி வாசகி: 'நாளையிலிருந்து வராதே' என்று மேலாளர் வாட்ஸ்அப்பில் அனுப்பினார். ஸ்கிரீன்ஷாட் போதுமா?

அதை மட்டும் நம்பாதீர்கள் அம்மா. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுப்படி இப்படிப்பட்ட மின்னணு ஆதாரத்துக்கு இரண்டு பகுதியாகச் சான்று வேண்டும்: ஒன்று உங்களுடையது, மற்றது நிபுணருடையது. தொழிலாளர் நீதிமன்றம் சாட்சியச் சட்டத்தை எழுத்துக்கு எழுத்து பார்க்காது என்றாலும் சான்றோடு போவதே நல்லது. போனை விற்காதீர்கள், அந்த சாட்டை அழிக்காதீர்கள்.

பஸ் கண்டக்டர், புதுச்சேரி: பயணிகளை விசாரிக்காமலே, நிர்வாகம் நடத்திய உள்விசாரணையில் தண்டித்தது செல்லுமா?

அந்த ஒரு காரணத்தால் மட்டும் ரத்தாகாது. 1977-ல் உச்ச நீதிமன்றம் அப்படிச் சொன்ன ரத்தன் சிங் வழக்கும் கண்டக்டர் வழக்கேதான். ஆனால் சோதனை அதிகாரியாவது வந்து சாட்சி சொன்னாரா என்று பாருங்கள். யாரும் பேசாமல் காகிதத்தை மட்டும் வைத்துத் தண்டித்திருந்தால், உச்ச நீதிமன்றத்தின் ரூப் சிங் நேகி தீர்ப்பு உங்கள் பக்கம்.

நெல்லிக்குப்பம் வாசகர்: கிரிமினல் வழக்கில் விடுதலையானேன். வேலை திரும்பக் கிடைக்குமா?

தானாகக் கிடைக்காது. குற்றச்சாட்டும் சாட்சிகளும் கிரிமினல் வழக்கு, நிர்வாகத்தின் உள்விசாரணை இரண்டிலும் ஒன்றாக இருந்தால் வலுவாகக் கேட்கலாம். 2023 டிசம்பரில் ராஜஸ்தான் காவலர் ராம் லாலுக்கு 50 சதவீதப் பின்சம்பளத்தோடு வேலை திரும்பக் கிடைத்தது அப்படித்தான். தீர்ப்பில் 'சந்தேகத்தின் பலன்' என்று எழுதியிருந்தாலும் சோர்ந்துவிடாதீர்கள். அந்தச் சொல்லை மட்டும் பார்க்கக் கூடாது, தீர்ப்பின் சாரத்தைப் பார்க்க வேண்டும் என்றும் அந்த வழக்கில் சொல்லியிருக்கிறார்கள். இரண்டு விசாரணைகளின் சாட்சி வாக்குமூல நகல்களையும் வாங்கிக்கொண்டு வாருங்கள்.