மகளை மலேரியா ஆராய்ச்சிக்கு அனுப்பலாமா?

அன்புள்ள ஐயா,

"ஒரு கொசுக்கடி நோயை நம்பி வாழ்க்கையை ஒப்படைக்கலாமா?" என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் கவலை நியாயமானது. ஆனால் மலேரியா ஒட்டுண்ணி நம் இரத்தச் சிவப்பணுவின் நொதிகளை எப்படிப் பயன்படுத்திக்கொள்கிறது என்று உங்கள் மகள் பிடித்திருக்கும் கேள்வி பெரியது. அதைப் புரிந்துகொண்டால், வேலை கிடைக்குமா என்பதற்கும் பாதிப் பதில் கிடைத்துவிடும்.

முதிர்ந்த சிவப்பணுவுக்கு உட்கரு கிடையாது. புதிதாகப் புரதம் செய்துகொள்ளவும் முடியாது. ஆனாலும் கைனேஸ் என்னும் நொதிகள் அதற்குள் இருக்கின்றன. ஒரு புரதத்தின்மேல் பாஸ்பேட்டை ஒட்டி அதன் போக்கை மாற்றுவது இவற்றின் வேலை. உள்ளே புகும் மலேரியா ஒட்டுண்ணி, வீட்டுக்காரரின் சாவியைக் கொண்டே வீட்டைத் திறப்பதுபோல், இந்த நொதிகளைத் தனக்குச் சாதகமாக்கிக்கொள்கிறது. சிவப்பணுவின் 'சிக்' என்ற கைனேஸ், 'பேண்ட் 3' என்ற சவ்வுப் புரதத்தில் பாஸ்பேட்டை ஒட்டும்போது சவ்வின் பிடிமானம் தளர்கிறது. பெருகிய ஒட்டுண்ணிகள் உடைத்துக்கொண்டு வெளியேறுகின்றன.

அந்தக் கைனேஸை அடக்கினால்? இமாட்டினிப் அதைச் செய்கிறது. அது 2001இல் இரத்தப் புற்றுநோய்க்காக அமெரிக்காவில் அனுமதி பெற்ற மருந்து. வியட்நாமில் வழக்கமான மலேரியா மருந்துகளோடு இதையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தபோது, நோயாளிகளின் இரத்தத்தில் ஒட்டுண்ணிகள் இன்னும் வேகமாகக் குறைந்தன. ஒட்டுண்ணி தன் மரபணுவை மாற்றிக்கொண்டு மருந்துக்குத் தப்பும். நம் சிவப்பணுவின் நொதியை மாற்ற அதனால் முடியாது. இந்த வழியை நான் பெரிதும் மதிப்பது அதனால்தான்.

உங்களுக்கு வேண்டிய செய்தியும் இதில்தான் இருக்கிறது. மலேரியாவில் கைனேஸைப் படித்தவருக்குப் புற்றுநோய் மருந்து ஆய்வும் அந்நியமாக இருக்காது. மருந்து நிறுவனம், நோயறிதல் கருவித் துறை, மருந்துப் பரிசோதனை நிர்வாகம், கற்பித்தல் என்று கதவுகள் பல. உயிர்வேதியியல் அல்லது மூலக்கூறு உயிரியலில் பட்டம் பெறட்டும். புள்ளியியலையும் கணினி நிரல் எழுதுவதையும் கூடவே கற்கட்டும். பின்னதை அலட்சியம் செய்தவர்கள் வேலை தேடும்போது சிரமப்படுவதைப் பார்த்திருக்கிறேன்.

கசப்பானதையும் சொல்லிவிடுகிறேன். முனைவர் பட்டம் முடியப் பல ஆண்டுகள் ஆகும். அதன் பிறகும் சில காலம் ஒப்பந்த வேலைதான். கடும் மலேரியாவை உண்டாக்கும் ஃபால்சிபாரம் ஒட்டுண்ணி சிவப்பணுவுக்குள் வளர்ந்து பெருகும் சுழற்சி சுமார் 48 மணி நேரம். அதற்கு ஞாயிற்றுக்கிழமை தெரியாது. ஜீம்சா சாயம் ஏற்றிய கண்ணாடித் தகட்டில், கல் பதித்த மோதிரம்போல் தெரியும் இளம் ஒட்டுண்ணிகளை மணிக்கணக்கில் எண்ண வேண்டியிருக்கும். அந்த வேலையில் அவளுக்கு அலுப்பு வருகிறதா, ஆர்வம் கூடுகிறதா என்பதை ஒரு விடுமுறைக் காலப் பயிற்சியிலேயே கண்டுகொள்ளலாம்.

அதற்காக ஆய்வகத்தை அணுகும்போது அங்குள்ள பேராசிரியரிடம் அவள் ஒன்றைக் கட்டாயம் கேட்கட்டும்: "உங்களிடம் கடைசியாகப் பட்டம் பெற்ற ஐந்து பேர் இப்போது எங்கே வேலை பார்க்கிறார்கள்?" பதிலை எழுதி வைத்துக்கொண்டு என்னிடம் வாருங்கள், மூவரும் உட்கார்ந்து பேசுவோம்.