உயர்நிலைப் பள்ளியின் முதல் ஆண்டில், படிப்பிலும் ஆளாகவும் நீங்கள் எப்படி வளர்ந்தீர்கள்?

எங்கள் பக்கத்தில் உயர்நிலைப் பள்ளியின் முதல் ஆண்டு என்றால் ஒன்பதாம் வகுப்பு. ஆறிலிருந்தே பெரிய பள்ளியில் படித்தவர்களுக்கு ஒன்பது என்பது கீழ்த்தளத்திலிருந்து மாடிக்குப் போவது, அவ்வளவுதான். ஊர்ப் பள்ளி எட்டோடு முடிந்துவிட்ட எங்களுக்கு அப்படி இல்லை. பஸ் ஏறுவது, தாவணி போடுவது, முகம் தெரியாத பிள்ளைகளோடு உட்காருவது எல்லாமே ஒரே ஜூன் மாதத்தில் வந்து சேர்ந்தன. அந்தத் தாவணியைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். செங்கோட்டைக் கணவாய் வழியாக மேல்காற்று அடிக்கிற மாதத்தில், பஸ்ஸின் ஜன்னலோரத்தில் நின்றுகொண்டு, ஒரு கையில் பையும் மறு கையில் தாவணியும் பிடித்து வருவது தனிப் பயிற்சி. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

நான் ஒன்பது படித்தது 2006-07இல். ஊர், முக்கூடலுக்கும் ஆலங்குளத்துக்கும் நடுவில். இன்று ஆலங்குளம் தென்காசி மாவட்டத்தில் இருக்கிறது, முக்கூடல் திருநெல்வேலியிலேயே நின்றுவிட்டது. 2019இல் மாவட்டம் பிரிவதற்கு முன்பு எல்லாமே திருநெல்வேலிதான். எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு பீடி. அம்மாவும் பீடி சுற்றினாள். இலையும் தூளும் கடையில் வாங்கி வந்து, சுற்றி, இருபத்தைந்து இருபத்தைந்தாகக் கட்டி, சாயங்காலம் பீடிக் கடையில் கொண்டுபோய்க் கொடுப்பாள். எட்டாம் வகுப்போடு நின்ற பெண் பிள்ளைகளுக்கு அடுத்த நாளே ஒரு சுளகு தயாராக இருக்கும். யாரும் கொடுமைக்காரர்கள் இல்லை. அடுத்த பள்ளிக்கு பஸ் ஏற வேண்டும், பஸ் ஏறினால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள், வீட்டிலிருந்தால் ஒரு நாளைக்கு ஐந்நூறு பீடியாவது கூடும். கணக்கு அப்படித்தான் ஓடும். என்னைப் பள்ளிக்கு அனுப்பியது அம்மாவின் பிடிவாதம். "நீ பீடி மடக்க வேண்டாம், புஸ்தகத்தை எடு" என்று அவள் சொன்னபோது ஆச்சி இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

படிப்பில் என்ன நடந்தது என்றால், முதலில் இறக்கம்தான். ஊர்ப் பள்ளியில் நான் எப்போதும் முதல் ரேங்க். எங்கள் வகுப்பே ஒரு பெஞ்சும் அரை பெஞ்சும்தான், அதில் முதல் ரேங்க் வாங்குவது பெரிய காரியமில்லை என்பது ஆலங்குளம் போன பிறகுதான் தெரிந்தது. காலாண்டுத் தேர்வில் வகுப்பின் நடுவில் எங்கோ கிடந்தேன். தமிழ், சமூக அறிவியல் எல்லாம் மனப்பாடத்தில் தப்பித்துவிட்டன. இடறியது வடிவியல்.

அதுவரை கணக்கு என்றால் விடை வரும். ஒன்பதாவதில் "நிரூபி" என்றார்கள். முக்கோணத்தின் மூன்று கோணங்களின் கூடுதல் 180 டிகிரி. இது ஏற்கெனவே தெரிந்த விஷயம், பாகைமானியால் அளந்து பார்த்திருக்கிறோம். அதைப் போய் எதற்குத் தரவு, அமைப்பு, நிரூபணம் என்று அரைப் பக்கம் எழுத வேண்டும்? நான் அந்த அரைப் பக்கத்தை அப்படியே மனப்பாடம் செய்தேன். டீச்சர் தேர்வில் ஏ, பி, சி-க்குப் பதிலாக பி, க்யூ, ஆர் என்று பெயர் வைத்தார், மொத்தமும் போயிற்று.

என்னைப் போலவே பாதி வகுப்பு சறுக்கியிருந்தது. டீச்சர் யாரையும் திட்டவில்லை. பலகையில் ஒரு முக்கோணம் வரைந்து, "இதை அளந்து 180னு சொல்லிட்ட. நான் இன்னொண்ணு வரையுதேன், அதையும் அளப்பே. நாளைக்கு ஒருத்தன் பனை மரம் உயரத்துக்கு வரைவான். எத்தனை முக்கோணத்தை அளப்பே?" என்று கேட்டார். பிறகு உச்சி வழியாக அடிப்பக்கத்துக்கு இணையாக ஒரு கோடு இழுத்தார். கீழே இருந்த இரண்டு கோணமும் மேலே வந்து மூன்றாவதோடு ஒட்டிக்கொண்டன. ஒரே நேர்கோடு. எந்த முக்கோணத்துக்கும் அந்தக் கோட்டை இழுக்கலாம் என்று புரிந்தபோது உள்ளுக்குள் என்னமோ செய்தது. அதற்கு முன்னால் படிப்பில் எனக்கு அப்படி ஆனதில்லை.

அன்று ராத்திரி அம்மாவிடம் சொல்லிக் காட்டினேன். அவள் ஐந்தாவது வரை படித்தவள். மடியில் சுளகு, கை பாட்டுக்கு இலையை உருட்டிக்கொண்டிருக்க, காது மட்டும் என் பக்கம். எல்லாம் கேட்டுவிட்டு, "இலை வெட்ட அளவுத் தகரம் வச்சிருக்கோம்லா, அது மாதிரிதான. ஒவ்வொரு இலையையும் அளந்துக்கிட்டா இருக்கோம்" என்றாள். நிரூபணம் என்றால் என்ன என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்கு இன்றுவரை கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு தேற்றம் எல்லாம் அவளுக்குச் சொல்லிக் காட்டுவதே வழக்கமானது. அவளுக்கு விளங்கினால் எனக்குத் தெரியும், அவள் "எப்படிட்டி?" என்று கேட்கிற இடத்தில் எனக்கும் தெரியவில்லை என்று பொருள். டியூஷன் வைக்க வசதியில்லாத வீட்டில் இது பெரிய வசதி.

தமிழில் எனக்குக் கிடைத்த விளையாட்டு யாப்பு, அதாவது செய்யுள் இலக்கணம். நேர், நிரை பிரித்து, தேமா புளிமா என்று வாய்பாடு சொல்வது பலருக்கு வேப்பங்காய். எங்களுக்கு அது பஸ் விளையாட்டு. ஸ்டாண்டில் நிற்கிற பஸ்ஸின் போர்டைப் பார்த்து ஊர்ப் பெயரை அலகிட வேண்டும், அதாவது அசை பிரித்து வாய்பாடு சொல்ல வேண்டும். கடையம் புளிமா, சுரண்டை புளிமா. முக்கூடல் தேமாங்காய், தென்காசியும் தேமாங்காய். ஆலங்குளம் தேமாங்கனி. பாபநாசம் கூவிளங்காய். அம்பாசமுத்திரத்தில் நாலு அசை வந்து சண்டை மூளும், சேரன்மகாதேவி வந்தால் ஆட்டம் கலைந்துவிடும், ஐந்து அசைக்கு வாய்பாடே கிடையாது. நடத்துநர் ஒருவர் டிக்கெட் கிழித்தபடியே "அப்ப பாவூர்ச்சத்திரம்?" என்று கேட்டு எங்களை மடக்கினார். அவரும் எந்தக் காலத்திலோ ஒன்பதாவது படித்தவர்தானே.

ஆங்கிலம் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பயம் போகவில்லை, மதிப்பெண் மட்டும் வந்தது. அந்தப் பயம் கல்லூரி வரை கூடவே வந்தது.

அப்புறம், கொக்கிரகுளத்தில் இருக்கிற மாவட்ட அறிவியல் மையத்துக்குக் கூட்டிப்போனார்கள். 1987இலிருந்து அங்கே இருக்கிறது, தாமிரபரணிக் கரையில். பொருட்காட்சி மாதிரி இருக்கும் என்று நினைத்துப் போனோம். அங்கே எதையும் தொட்டுப் பார்க்கலாம் என்றார்கள். "தொடாதே" என்று போர்டு இல்லாத ஒரு கண்ணாடி அலமாரியை அதுவரை நான் பார்த்ததில்லை.

ஆளாக வளர்ந்ததைச் சொல்வதென்றால் கொஞ்சம் கசப்பானதையும் சொல்ல வேண்டும். புதுப் பள்ளியில் முதல் வாரம் எல்லோரும் கேட்டது இரண்டு கேள்வி. "எந்த ஊரு?" அதற்குப் பதில் சொன்னதும், "அங்க எந்தத் தெரு?" திருநெல்வேலிக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. தெருவைச் சொன்னால் சாதியைச் சொன்ன மாதிரி. ஊர்ப் பள்ளியில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும் என்பதால் இந்தக் கேள்வியே எழுந்ததில்லை. அதனால் அங்கே சாதி இல்லை என்று அர்த்தமில்லை, கேட்கத் தேவை இல்லை என்றுதான் அர்த்தம். பையன்கள் கையில் கட்டியிருந்த கயிறுகளின் நிறத்துக்கு என்ன பொருள் என்பதையும் அந்த வருடம்தான் தெரிந்துகொண்டேன். பாடத்திட்டத்தில் இல்லாத பாடம், ஆனால் எல்லோரும் தேறியிருந்தார்கள்.

எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவள் வேறு தெரு. என்னிடம் அந்த இரண்டாவது கேள்வியைக் கேட்காத ஒரே ஆள் அவள்தான். கேட்கப்பட்டுக் கேட்கப்பட்டு அலுத்தவள் என்பது பிறகு புரிந்தது. நான் அவளுக்கு வடிவியல் சொன்னேன், அவள் எனக்கு ஆங்கில இலக்கணம். மதியம் அவள் கொண்டுவரும் சாளைக் குழம்புக்காக நான் காத்திருப்பேன். இது ஊரில் ஒருத்தர் வாயால் வீட்டுக்கு வந்தது, ஆச்சி மறுபடியும் பேச்சை நிறுத்தினாள். இந்த முறை அம்மாவும் எதுவும் சொல்லவில்லை, அவளுக்கு அந்த அளவுக்குத் தைரியம் வரவில்லை. நானாகத்தான் முடிவெடுக்க வேண்டியிருந்தது. பெஞ்சு மாறவில்லை. வீட்டில் கேட்காமல் நான் எடுத்த முதல் முடிவு அது.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்புப் பையனையும் அவன் தங்கையையும் கூடப் படித்த பையன்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அரசு, ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் ஒரு நபர் குழு அமைத்தது. 2024 ஜூனில் வந்த அதன் அறிக்கை கையில் கட்டும் வண்ணக் கயிறுகளுக்குத் தடை கேட்டது. படித்தபோது எனக்கு ஒன்பதாம் வகுப்பு பெஞ்சுதான் நினைவுக்கு வந்தது. கயிற்றை அவிழ்க்கச் சொல்வது சரிதான். "எந்தத் தெரு" என்று கேட்கிற வாயை எப்படி அடக்குவது என்பதுதான் பிடிபடவில்லை.

இன்னொன்று, ஒன்பதாம் வகுப்பை நான் புகழ்ந்துகொண்டே போவதால் சொல்கிறேன். வடிகட்டலும் அந்த வகுப்பில்தான் நடக்கிறது. எட்டு வரை நிறுத்திவைப்பது இல்லை. 2010இல் கல்வி உரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது அது சட்டமாகவே ஆனது. 2019இல் அந்தச் சட்டத்தைத் திருத்தி மாநிலங்களின் விருப்பத்துக்கு விட்ட பிறகும் தமிழ்நாடு எட்டு வரை தேர்ச்சி என்பதை விடவில்லை. ஆக, முதல் தடை ஒன்பதாவதில். பத்தாவதில் நூற்றுக்கு நூறு ரிசல்ட் காட்ட ஆசைப்படுகிற பள்ளிகள் தேறாது என்று தோன்றுகிற பிள்ளைகளை ஒன்பதிலேயே நிறுத்திவிடும், அல்லது டி.சி.யை வாங்கிக்கொண்டு போகச் சொல்லும். எங்கள் வகுப்பிலும் சிலர் நின்றார்கள். அதில் ஒருத்தி எங்கள் ஊர், பஸ் விளையாட்டில் என்னைவிட வேகமாக அலகிடுவாள். திரும்ப ஒன்பது படிக்க அவள் வரவில்லை. இப்போதும் பீடி சுற்றுகிறாள்.

எனக்கு அந்த வருடக் கடைசியில் ரேங்க் ஏறியது, முதல் ரேங்க் இல்லை. அதைவிட உதவியது வேறு. பீடிக் கடையில் சரியில்லை என்று கழித்துப் போடுகிற பீடிக்குக் கணக்கு உண்டு. அம்மாவின் பாஸ் புத்தகத்தை எடுத்து ஒவ்வொரு வாரமும் எத்தனை கழித்தார்கள் என்று சதவீதம் போட்டேன். பக்கத்து வீட்டு மதினிகளின் புத்தகங்களையும் வாங்கிப் போட்டேன். எல்லோருக்கும் கிட்டத்தட்ட ஒரே சதவீதம், நன்றாகச் சுற்றுகிறவர்களுக்கும் புதிதாகச் சுற்றுகிறவர்களுக்கும். பீடியைப் பார்த்துக் கழிக்கவில்லை, ஏட்டைப் பார்த்துக் கழிக்கிறார்கள் என்று அர்த்தம். நாலைந்து பெண்கள் சேர்ந்து போய்க் கேட்டார்கள். கொஞ்ச நாள் குறைந்தது, அப்புறம் பழைய குருடி. ஆனால் "கணக்குப் பாக்கிற பிள்ள" என்று தெருவில் எனக்கு ஒரு பெயர் வந்தது, ஆச்சிக்கும் அதில் பெருமைதான்.

இதெல்லாம் நடந்ததற்குக் காரணம், ஒன்பதாவதில் பொதுத்தேர்வு இல்லை என்பதுதான் என்று நினைக்கிறேன். காலாண்டில் சறுக்கினால் வானம் இடிந்து விழாது. தேற்றத்தை அம்மாவுக்குச் சொல்லிக் காட்ட ராத்திரி நேரம் இருந்தது. பஸ் போர்டை அலகிட நேரம் இருந்தது. இப்போது பல தனியார் பள்ளிகளில் அந்த நேரத்தைத்தான் பிடுங்கிவிட்டார்கள். ஒன்பதாம் வகுப்பு பாதியிலேயே பத்தாம் வகுப்புப் பாடத்தைத் தொடங்கிவிடுகிறார்கள். பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை இப்படித் தாண்டிப் போகிறார்கள் என்றுதான் 2017-18இல் அதற்கும் பொதுத்தேர்வு கொண்டுவந்தார்கள், 2025இல் அதை எடுத்துவிடுவதாக அறிவித்தார்கள். ஒன்பதுக்கு இன்னொரு பொதுத்தேர்வு வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். பாடத்தை நடத்தினால் போதும்.

பாளையங்கோட்டையில் என் சித்தி மகள் இருக்கிறாள். அவள் பெண் இப்போது ஒன்பதாவது. போன மாதம் போயிருந்தபோது, வட்டத்தின் மையத்தில் வருகிற கோணம் பரிதியில் வருவதைப்போல் ஏன் இரண்டு மடங்கு என்று சும்மா கேட்டேன். "அது ஒம்பதாம் கிளாஸ் பாடம் பெரியம்மா, எங்களுக்கு நடத்தல" என்றாள், ஒன்பதாம் வகுப்பு யூனிஃபார்மில் உட்கார்ந்துகொண்டு. அவள் அம்மாவோ டியூஷன் ஃபீஸ் வருடத்துக்கும் கட்டியாயிற்று என்கிறாள். பாடநூல் கழகத் தளத்தில் ஒன்பதாம் வகுப்புக் கணக்குப் புத்தகம் இலவசமாகவே கிடைக்கிறது, இறக்கி அனுப்பியிருக்கிறேன். திறந்தாளா என்று இன்னும் கேட்கவில்லை.