அந்தச் சனிக்கிழமை

அன்புள்ள அம்மா அவர்களுக்கு,

ஸ்தோத்திரம். நேபாளத்தில் நீங்கள் ஊழியம் செய்த ஆண்டுகளைப் பற்றிய கட்டுரைகளைத் தொடர்ந்து வாசித்து வருகிறேன். நான் செவிலியர் படிப்பை முடித்து நான்கு ஆண்டுகளாகச் சென்னையில் வேலை பார்க்கிறேன். வரும் ஜூன் மாதம் நேபாளத்தின் மலை மாவட்டம் ஒன்றில் மிஷன் மருத்துவமனைப் பணிக்கு எனக்கு அழைப்பு வந்திருக்கிறது. 2015 நிலநடுக்கத்தின்போது அங்கே இருந்ததாக நீங்கள் ஒரே வரியில் எழுதிக் கடந்துவிட்டீர்கள். அந்த ஒரு வரியைக் காட்டி என் தாயார் என்னை அனுப்ப மறுக்கிறார். எங்கள் வேதபாட வகுப்பிலோ ஒரு மூத்த சகோதரர், விக்கிரக ஆராதனை மிகுந்த தேசத்தைக் கர்த்தர் அசைத்தார், அதனால் சுவிசேஷத்துக்குக் கதவு திறந்தது என்றார். எனக்கு அது உறுத்தியது. மறுத்துப் பேசத் தெரியவில்லை. அன்று நடந்ததையும், அதை நீங்கள் எப்படிப் புரிந்துகொண்டீர்கள் என்பதையும் எழுதுவீர்களா?

தங்கள் வாசகி,
அயனாவரம்

அன்புள்ள மகளுக்கு,

அதை ஒரு வரியில் கடந்தது என் தவறு. விரிவாக எழுத இத்தனை ஆண்டுகளாக மனம் வரவில்லை. உங்கள் கடிதத்தில் அந்த மூத்த சகோதரரின் சொற்களைப் படித்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

2015 ஏப்ரல் 25 ஒரு சனிக்கிழமை. நேபாளத்தில் வார விடுமுறை சனிக்கிழமை என்பதால், அங்குள்ள சபைகள் அன்றுதான் ஆராதனைக்குக் கூடும். காத்மாண்டுவை அடுத்துள்ள லலித்பூரில் எங்கள் சபை ஒரு வாடகைக் கட்டடத்தின் முதல் மாடியில் கூடியது. செருப்புகளைப் படிக்கட்டின் கீழே கழற்றிவிட்டு, பாயில் ஆண்கள் ஒரு பக்கமும் பெண்கள் ஒரு பக்கமுமாக அமர்வோம். பிரசங்கம் முடியும் தறுவாயில், 11 மணி 56 நிமிடத்துக்கு, முதலில் சத்தம் வந்தது. பாரம் ஏற்றிய லாரி ஒன்று கட்டடத்துக்கு அடியில் புகுந்து போவது போன்ற ஓசை அது. அடுத்த கணம் தரை பக்கவாட்டில் இழுத்தது. எழுந்தவர்கள் விழுந்தார்கள். சுற்றிலும் “ஆயோ, ஆயோ” என்ற கூக்குரல். நேபாளியில் அதற்கு “வந்துவிட்டது” என்று பொருள். என் காதில் அது “ஐயோ” என்றே விழுந்தது, இன்றும் நினைவில் அப்படியே கேட்கிறது. ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் அடங்கியது. எங்கள் கட்டடம் இடியாமல் நின்றது. வெளியே செங்கல் தூசி தெருவை மூடியிருக்க, நாங்கள் அத்தனை பேரும் வெறுங்காலோடு நின்றோம். செருப்புகள் படிக்கட்டின் அடியில் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் கிடந்தன. அவற்றை எடுக்க உள்ளே போக ஒருவருக்கும் துணிவு வரவில்லை. கண்ணாடிச் சில்லில் பாதம் கிழிந்த ஒரு பாட்டிக்குப் பாட்டுப் புத்தகத்தின் உறைத்துணியைக் கிழித்துக் கட்டுப்போட்டதுதான் அன்று நான் செய்த முதல் ஊழியம்.

எங்கள் கட்டடம் நின்றது. நகரத்தின் வேறு பகுதிகளில் ஆராதனை நடந்துகொண்டிருந்த கட்டடங்கள் இடிந்து, உள்ளே இருந்த விசுவாசிகள் இறந்துபோனார்கள். விக்கிரக ஆராதனைக்கான தண்டனை என்று சொல்பவர், ஜெபித்துக்கொண்டிருந்தபோது இறந்த அவர்களை எந்தக் கணக்கில் எழுதுவார்? அதே சனிக்கிழமைதான் பள்ளிக்கூடங்களுக்கும் விடுமுறை. மலைக் கிராமங்களில் ஆயிரக்கணக்கான வகுப்பறைகள் சரிந்தன. அவற்றில் பிள்ளைகள் இல்லை. அவர்களைக் கர்த்தர் காத்தார் என்று நானும் முழங்காலில் நின்று நன்றி சொன்னேன். சொன்ன மாத்திரத்தில், ஆராதனையில் இறந்தவர்களின் வீட்டார் முகம் கண்முன் வந்தது. நன்றியை என்னால் உரக்கச் சொல்ல முடியவில்லை. பிள்ளைகளைக் காத்ததும் சபையாரைக் கொன்றதும் ஒரே சனிக்கிழமை. அதை ஏதாவது ஒரு பக்கமாக விளக்க முயன்ற ஒவ்வொரு முறையும், யாரோ ஒருவருடைய துக்கத்தை மிதித்துத்தான் அப்பால் போக வேண்டியிருந்தது.

இத்தகைய விளக்கம் நமக்குப் புதிதும் அன்று. 1934 ஜனவரி 15 அன்று பீகாரையும் நேபாளத்தையும் ஒரு பெரும் நிலநடுக்கம் அழித்தது. அடுத்த வாரமே, ஜனவரி 24 அன்று, திருநெல்வேலியில் நடந்த பொதுக்கூட்டத்தில் காந்தியடிகள், அது தீண்டாமைப் பாவத்துக்குக் கடவுள் தந்த தண்டனை என்று பேசினார். தீண்டாமையைத் தாமும் எதிர்த்த தாகூர், இயற்கை நிகழ்வுக்கு இப்படிக் காரணம் கற்பிப்பதை வெளிப்படையாகக் கண்டித்தார். நான் காந்தியடிகளை மிக மதிக்கிறேன். இதில் தாகூரின் பக்கம் நிற்கிறேன். நம் கரையிலேயே பாருங்கள். 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலையில் வேளாங்கண்ணிக்குப் போயிருந்த யாத்ரீகர்களைக் கடல் வாரிக்கொண்டு போனது. அப்போது நம்மில் யாராவது அதைத் தண்டனை என்று சொல்ல நா எழுந்ததா?

சீலோவாம் கோபுரம் விழுந்து இறந்த பதினெட்டுப் பேரைப் பற்றி லூக்கா 13-இல் ஆண்டவர் பேசுகிறார். எருசலேமில் குடியிருந்த மற்றவர்களைவிட அவர்கள் பெரிய குற்றவாளிகள் என்று நினைக்க வேண்டாம் என்கிறார். மனந்திரும்பும்படி எச்சரிக்கும் சொற்களும் அங்கே உண்டு என்று உங்கள் சகோதரர் சொல்வார், உண்மைதான். ஆனால் அந்த எச்சரிக்கை எதிரே நின்று கேட்டவர்களுக்கு உரியது, இடிபாட்டில் கிடந்தவர்களுக்கு உரியதன்று.

மண்ணுக்கடியில் நடந்தது வேறு. இந்திய நிலத்தட்டு ஆண்டுதோறும் சில சென்டிமீட்டர் வடக்கே நகர்ந்து ஆசியத் தட்டுக்கு அடியில் நுழைகிறது. உராய்வினால் பூட்டிக்கொண்ட பாறைகள் நெடுங்காலம் தாங்கிய விசை ஒரு நாள் விடுபடுகிறது. அன்று கோர்க்கா மாவட்டத்தின் பார்பாக் அருகே தொடங்கிய பிளவு, கிழக்கே நூறு கிலோமீட்டருக்கும் மேல் ஓடியது, அளவு 7.8. ஏறத்தாழ 9,000 பேர் இறந்தார்கள். அவர்களுள் பெரும்பாலோரைக் கொன்றது, கல்லையும் மண்சாந்தையும் கொண்டு வேறு வழியின்றி எழுப்பிய சுவர்கள்தாம்.

“கதவு திறந்தது” என்ற சொல்லுக்கு வருகிறேன். எனக்கு வலிப்பது இங்கேதான். மிக அதிகமான உயிர்களை இழந்த மாவட்டம் சிந்துபால்சோக். மே மாதத் தொடக்கத்தில் அங்கே ஒரு கிராமத்துக்கு அரிசியும் தார்ப்பாயும் கொண்டுபோனோம். பொருள் தந்த குழு ஒன்றிலிருந்து வந்தவர்கள், விநியோகத்துக்கு முன் எல்லோரையும் நிற்கவைத்து ஜெபித்துப் படம் எடுக்க வேண்டும் என்றார்கள். நான் மறுத்திருக்க வேண்டும். மறுக்கவில்லை, நேபாளியில் மொழிபெயர்த்ததும் நானே. கண்ணை மூடச் சொன்னோம். வரிசையில் முதலில் நின்ற முதியவர் கைகளைக் கூப்பினார், கண்களை மூடவில்லை. அவர் பார்வை மூட்டையின் தையலிலேயே நின்றது. வீட்டில் மூவரை எரியூட்டிவிட்டு வந்தவர் என்று பிறகு அறிந்தேன். யாரைக் கும்பிடுகிறோம் என்றுகூட அறியாமல், அரிசி கிடைக்க வேண்டுமே என்பதற்காக அவர் கூப்பிய அந்தக் கைகளுக்கு நான் தேவனிடம் கணக்குச் சொல்ல வேண்டும்.

அடுத்த முறை, ஊர்க்காரர்களே எழுதிய பட்டியலின்படி, அவர்கள் கையாலேயே பொருளைப் பகிர்ந்தோம். படமும் இல்லை, ஜெபமும் இல்லை. அந்தக் குழுவின் உதவி நின்றுபோனது. உண்மையில் துணைநிற்க வந்த கிறிஸ்தவர்கள் மிகப் பலர்; ஆனாலும் துயரத்தைப் பயன்படுத்தி மதம் மாற்றுகிறார்கள் என்ற குற்றச்சாட்டு அந்த மாதங்களில் எழுந்தபோது, அதை முழுப் பொய் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த ஆண்டு செப்டம்பர் 20 அன்று நடைமுறைக்கு வந்த புதிய அரசியலமைப்பின் 26-ஆம் பிரிவு பிறரை மதம் மாற்றுவதைத் தடைசெய்கிறது. நீங்கள் போகும் முன் அந்தச் சட்டத்தைப் படித்துவிட்டுப் போங்கள். விசுவாசத்தைப் பற்றி உங்களிடம் கேட்பவர்கள் இருப்பார்கள். என்னிடமும் கேட்டார்கள், மறைக்காமல் சொன்னேன். கேட்டவர்கள் வயிறு நிறைந்து, என்னை மறுக்கவும் கூடிய நிலையில் இருந்தார்களா என்பதை மட்டும் அதன் பிறகு எப்போதும் பார்த்துக்கொண்டேன்.

உங்கள் தாயாரைப் பற்றி. சென்னையும் நடுங்கத்தான் செய்யும் என்று அவருக்குச் சமாதானம் சொல்லாதீர்கள். அது அவருடைய பயத்துக்குப் பதில் ஆகாது. பெரம்பூரில் இருந்த என் தாயாருக்கு இரண்டு நாள் என் குரல் கிடைக்கவில்லை. கிடைத்தபோது, இந்திய விமானப்படை விமானத்தில் ஏறி உடனே வா என்றுதான் சொன்னார். இந்தியர்களாகிய எங்களுக்கு அந்த விமானம் இருந்தது. திறந்தவெளியில் எங்களோடு ஒரே தார்ப்பாயின் கீழ் மழையில் நனைந்த அண்டை வீட்டாருக்கு அது இல்லை. அதனால் தங்கினேன். மே 12 அன்று 7.3 அளவில் மறுபடியும் அதிர்ந்தபோது, தங்கியது சரியா என்று அழுதேன். போனவர்களை நான் ஒருபோதும் குறைசொன்னதில்லை. சிறு பிள்ளைகளோடு இருந்தவர்கள் போனதுதான் சரி.

ஊழியர் குடியிருப்பு 2015-க்குப் பிறகு கட்டியதா, சுவர்களைச் சுற்றிலும் நடுக்கத்தைத் தாங்கும் குறுக்குப் பட்டைகள் போட்டிருக்கிறார்களா என்று மருத்துவமனைக்கு எழுதிக் கேளுங்கள். கேட்பது அவிசுவாசம் ஆகாது. உறங்கும்போது கெட்டியான செருப்பையும் ஒரு டார்ச்சையும் கைக்கெட்டும் இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நான் இன்றும் அப்படித்தான் வைத்துக்கொள்கிறேன்.

ஜூனுக்கு இன்னும் நாள் இருக்கிறது. தாயாரை அழைத்துக்கொண்டு ஒரு மாலை வேப்பேரிக்கு எங்கள் வீட்டுக்கு வாருங்கள். அவர் கேட்க விரும்புவதை உங்களிடம் கேட்க மாட்டார், என்னிடம் கேட்பார். போக வேண்டாம் என்பதுதான் அவருடைய கடைசிச் சொல்லாக இருந்தாலும், அதை முழுவதும் உட்கார்ந்து கேட்கிறேன்.

அன்புடன்.