கதை சொன்னவரா, கேட்டவரா?

கேள்வி: போன வாரம் இங்கே விடாத மழை, கரண்ட் வருவதும் போவதுமாக இருந்தது. அதற்கு நடுவில் வீட்டோடு உட்கார்ந்து 'காதலிக்க நேரமில்லை' பார்த்தோம். நாகேஷ் பேய்க்கதை சொல்லும்போது பாலையா சும்மா உட்கார்ந்துதானே இருக்கிறார், அவரை ஏன் இப்படித் தூக்கிவைத்துப் பேசுகிறீர்கள் என்று கேட்கிறாள் காலேஜில் படிக்கும் என் மகள். என்ன பதில் சொல்ல?
– வாசகி, கோத்தகிரி

பதில்: மழை விடும்வரை வேறு வேலை இல்லை என்றால் அந்தக் காட்சியை இன்னொரு தடவை போடச் சொல்லுங்கள். இந்த முறை நாகேஷ் பக்கம் திரும்பவே கூடாது, பாலையா முகம் மட்டும்தான். நாகேஷ் சொல்வதில் கதை என்று பெரிதாக ஒன்றும் கிடையாது, இருட்டு, ஒரு பெண், வாயாலேயே போடும் சத்தங்கள், அவ்வளவுதான். அது பேய்க்கதை ஆவதே எதிரில் இருக்கிற அப்பா, அதாவது எஸ்டேட் முதலாளியாக வரும் பாலையா, பயப்படுவதால்தான். படம் எடுக்கிறேன் என்று சுற்றும் பையனிடம் என்னதான் இருக்கிறது பார்ப்போம் என்று காது கொடுத்த மனுஷன், கொஞ்சம் கொஞ்சமாகக் கண் விரிந்து, உடம்பு ஒடுங்கி, எழுந்து போகவும் முடியாமல் மிச்சத்தைக் கேட்கவும் முடியாமல் மாட்டிக்கொண்டு தவிப்பதைப் பாருங்கள். சிரிக்க வைக்க வேண்டும் என்ற நினைப்பே அவரிடம் இல்லை, நிஜமாகவே பயந்துகொண்டிருக்கிறார். அந்த இடத்தில் அவர் ஒரு சேஷ்டை கூடுதலாகச் செய்திருந்தாலும் நாகேஷ் விழுந்திருப்பார்.

பையன் அசோக்கின் அப்பா என்று வந்து நிற்பவரிடம் பாலையா கேட்கும் 'அசோகரு உங்க மகருங்களா?' அடுத்த உதாரணம். வேலையை விட்டுத் துரத்திய அதே பையன் பெரும் பணக்காரரின் வாரிசு என்று நம்பியதும் எஸ்டேட் முதலாளிக்கு மரியாதை எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் வழிகிறது. வேறு யாராவது பேசியிருந்தால் 'ஜோக் சொல்கிறேன், சிரிங்க' என்று ஒரு நிறுத்தம் விட்டிருப்பார்கள். பாலையா விடவில்லை, அந்தப் பணிவு அவருக்கு அவ்வளவு இயல்பாக வருகிறது. இத்தனை பணத்தாசை பிடித்த அப்பாவை நாம் வெறுக்காமல் இருக்கிறோமே, அதுவும் அவர் வேலைதான்.

குறையே இல்லையா என்றால், உண்டு. பிற்பாதியில் ஆள்மாறாட்டம் சூடுபிடித்ததும் அசடு வழிவதையே திரும்பத் திரும்பச் செய்ய வேண்டியிருக்கிறது. ஆனால் அந்தக் குறையைக் கதை வசனத்தின் கணக்கில்தான் எழுத வேண்டும், அவர் கணக்கில் அல்ல.

கேள்வி: அந்த எஸ்டேட் நம்ம ஊர்ப் பக்கமா? என் வீட்டுக்காரர் குன்னூர்தான் என்று அடித்துச் சொல்கிறார்.
– வாசகி, அருவங்காடு

பதில்: பந்தயம் கட்டியிருந்தால் பணத்தை வாங்கிக்கொள்ளுங்கள். எஸ்டேட்டின் வெளிப்புறக் காட்சிகள் ஆனைமலை அடிவாரத்தில், பொள்ளாச்சியை அடுத்த ஆழியாறு பக்கம் எடுத்தவை.

கேள்வி: பாலையா வில்லனாகத்தானே பேர் வாங்கினார்? காமெடி எப்படி ஒட்டியது?
– வாசகர், கூடலூர்

பதில்: வில்லத்தனத்தை அவர் விட்டால்தானே! 1936-ல் 'சதிலீலாவதி'யில் அறிமுகமானவர், கெட்டவனாக வரும்போதே ஒரு மிடுக்கு இருக்கும். 1964-ல் 'காதலிக்க நேரமில்லை' இயக்குநர் ஸ்ரீதர் அதே மிடுக்கைப் பணக்கார அப்பாவுக்கு மாட்டிவிட்டார். அடுத்த வருஷமே 'திருவிளையாடல்' ஹேமநாத பாகவதர், 'ஒரு நாள் போதுமா' என்று சபையையே மிரட்டிவிட்டு, ராத்திரி ஒரு விறகுவெட்டியின் பாட்டைக் கேட்டதும் ஊரைவிட்டே கிளம்புகிற ஆள். ஏறி நிற்பதும் சரிவதும் இரண்டு பேருக்கும் பொது. அப்புறம் 1968-ல் 'தில்லானா மோகனாம்பாள்' தவில் வித்துவான். அதில் கர்வமெல்லாம் சிவாஜிக்கு, பக்கத்தில் இருந்து அவரைத் தாங்கிப் பிடிப்பதுதான் பாலையாவுக்கு. எனக்கென்னவோ மூன்றில் அதுதான் கஷ்டமான வேடம் என்று படுகிறது. உங்கள் மகன், மகள் யாராவது இருந்தால் அதையும் போட்டுக் காட்டுங்கள், ஆனால் முழுப் படமாக. துண்டு துண்டாகப் பார்த்தால் அந்த மனுஷன் கண்ணிலேயே படமாட்டார்.